வியூஃபைண்டருக்குள் நின்றவர்

ஆம்பூர் ஸ்டேஷனில் இறங்கியபோது உச்சிவெயில் சற்றே சாய்ந்திருந்தது. பிரியாணிக் கடைகளில் தம் உடைக்கிற வாசனையும், பதனிடுகிற தோலின் வாடையும் ஒரே காற்றில் கலந்து வந்தன. மோகனாவுக்கு அந்த வாடை புதிதல்ல. அம்மா பாக்யலட்சுமி இங்கேதான் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிறாள். குடியாத்தம் வீட்டுக்கு அவள் திரும்பி வரும்போது புடவையோடு அந்த வாடையும் வரும்.

"மூக்கப் பொத்திக்கோடி, பழக்கமில்லாதவ நீ" என்று மோகனா சிரித்தாள்.

"வேலூர்க்காரிக்கு இதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றாள் ஜாஸ்மின். இருவரும் வேலூரில் ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு. விஸ்காம் இரண்டாம் வருஷம்.

வகுப்பில் சொந்தக் கேமரா இல்லாதவள் மோகனா மட்டும்தான். கல்லூரிக் கேமராவுக்குக் காத்திருந்து அவள் முறை வரும்போது நல்ல வெளிச்சம் போயிருக்கும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அம்மா தீபாவளி போனஸைத் தொடாமல் வைத்திருந்தாள். "நல்லதா பாத்து வாங்கு. ஒரு தடவதான் முடியும்" என்று காலையில் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"இப்ப எல்லாரும் மிரர்லெஸ்தானே வாங்கறாங்க?" என்று ஜாஸ்மின் நடந்துகொண்டே கேட்டாள்.

"அது நம்மளால ஆவாது. உள்ள கண்ணாடி வெச்ச டிஎஸ்எல்ஆர்னா பழசு கம்மில கெடைக்கும். சாரும் அதத்தான சொன்னாரு?"

வகுப்பில் சார் சொன்னது அவளுக்கு அப்படியே நினைவிருந்தது. முதல் கேமராவுக்குள் கண்ணாடி இருக்கட்டும். திரையில் தெரிவது மெஷின் போட்டுக் காட்டும் படம். வியூஃபைண்டரில் கண்ணை வைத்தால் லென்ஸ் வழியாக வரும் வெளிச்சமே கண்ணாடியில் பட்டு நேராக உன் கண்ணுக்கு வரும். பொய் சொல்லாது.

பழைய கேமரா விற்கிற கடை, பஜார் தெருவில் ஒரு செருப்புக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. கடைக்காரர் சுஹேல் அகமது மருதாணி வைத்த தாடியும் வழுக்கைத் தலையுமாக, மொபைல் ரிப்பேர் விளக்குக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் சுவரில், கோட் போட்டுக்கொண்டு அவரே சிரிக்கிற பெரிய படம் ஒன்று.

"உக்காருமா. ஸ்டூடண்டா? மொத கேமராவா?" என்று கேட்டபடி கண்ணாடி அலமாரியிலிருந்து சில கேமராக்களை எடுத்து வைத்தார்.

ஒன்று சின்னது. பிளாஸ்டிக் உடம்பு, கூடவே வந்த சாதா லென்ஸ். இன்னொன்று பெரியது, விலை கேட்கவே பயமாக இருந்தது. மூன்றாவதை அவர் எடுத்து வைக்கவில்லை. அலமாரியின் மூலையில் துணி சுற்றிக் கிடந்தது. மோகனாதான் கேட்டு வாங்கினாள்.

கனமான உலோக உடம்பு. பிடிக்கிற இடத்தில் ரப்பர் தேய்ந்து, யாருடைய கட்டைவிரலோ பதிந்த மாதிரி ஒரு குழி. அவள் விரல் அதில் சரியாக உட்கார்ந்தது. லென்ஸை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். பூஞ்சை இல்லை. கீறல் இல்லை. ஒரு தடவை அழுத்தினாள்.

ட்டக்.

உள்ளே கண்ணாடி எழும்பி இறங்குகிற சத்தம் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அந்தச் சத்தம் வருகிற நொடியில் வியூஃபைண்டர் கறுத்து, மறுபடி தெரியும். படம் பதிகிற அந்த ஒரு நொடியை மட்டும் படம் எடுப்பவரால் பார்க்க முடியாது. அதுதான் இந்த வகைக் கேமராவின் குணம்.

"இது இன்னா விலை பாய்?"

அவர் சொன்ன விலை பிளாஸ்டிக் கேமராவைவிடக் குறைவு.

"ஏன் இவ்ளோ கம்மி?"

"ஓனருக்கு அர்ஜெண்டு. பிரேம்நாத்னு ஒரு போட்டோகிராபர். ஊர விட்டே போய்ட்டான்." அவர் கேமராவைப் பார்க்காமலே பேசினார். "ஆனா உனக்கு அந்தச் சின்னதே போதும்மா. லைட் வெயிட்டு."

மோகனா சோதித்துப் பார்ப்பதற்காகக் கேமராவை அவர் முகத்துக்கு நேரே உயர்த்தினாள். அவர் சட்டென்று மேசைக்குக் கீழே குனிந்துவிட்டார்.

"என்ன எடுக்காத! நாங்க போட்டோக்கு நிக்கறதில்ல."

மதம் சம்பந்தமாக இருக்கும் என்று அவள் மன்னிப்புக் கேட்டாள். மாடிப்படி இறங்கும்போதுதான் சுவரில் தொங்கிய அந்தப் பெரிய படம் நினைவுக்கு வந்தது.

அவர்கள் கிளம்புமுன், அவள் பிடிவாதமாகக் கேட்டதால், அவளுடைய கல்லூரி ஐடி கார்டை வாங்கி வைத்துக்கொண்டு, அந்தக் கேமராவை எடுத்துப்போய்ப் பார்த்துவிட்டு சாயங்காலத்துக்குள் வரச் சொன்னார். கையில் கொடுக்கும்போது ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு தன் விசிட்டிங் கார்டை மட்டும் நீட்டினார்.

ஊருக்கு வெளியே பாலாற்றங்கரையோரம் மூடிக்கிடந்த ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலை இருந்தது. ஊரில் அதை ஷாப்பு என்பார்கள். சீனியர்கள் போய்ப் படம் எடுத்த இடம். ஆட்டோக்காரர் நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டு, டீ குடித்துக்கொண்டு இங்கேயே இருக்கிறேன், கூப்பிடுங்கள் என்றார்.

உள்ளே கூரையின் சிமெண்ட் ஷீட்டுகளில் அங்கங்கே ஓட்டை. ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் வெயில் ஒரு கம்பாக இறங்கித் தரையில் ஊன்றி நின்றது. தோலைப் போட்டுச் சுழற்றுகிற பெரிய மர டிரம்கள் வரிசையாக, ஆள் உயரத்துக்கு மேல், வாயைத் திறந்துகொண்டு நின்றன. காய்ந்த சுண்ணாம்பும் அழுகிய மயிரும் கலந்த ஒரு நாற்றம். எங்கேயோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அங்க நில்லு. அந்த வெளிச்சத்துல" என்றாள் மோகனா.

ஜாஸ்மின் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு நின்றாள். மோகனா வியூஃபைண்டரில் கண்ணை வைத்தாள்.

ஜாஸ்மினின் முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது. பின்னால் டிரம்கள். அதற்கும் பின்னால் இருட்டு.

ட்டக்.

கறுத்து, திரும்ப வெளிச்சம் வந்தபோது கடைசி டிரம்முக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நின்றிருந்தார்.

மோகனா கேமராவை இறக்கினாள். "யாருங்க அங்க?"

ஜாஸ்மின் திரும்பிப் பார்த்தாள். "எங்க?"

அங்கே யாரும் இல்லை. வாட்ச்மேனாக இருக்கும், டிரம்முக்குப் பின்னால் போயிருப்பார் என்று நினைத்தாள். எடுத்த படத்தைத் திரையில் பார்த்தாள். ஜாஸ்மின் மட்டும். அழகான படம். அந்தப் படத்தைப் பார்த்ததும் ஆளை மறந்துவிட்டாள்.

"இன்னும் ஒண்ணு. மூஞ்ச கொஞ்சம் தூக்கு."

ட்டக்.

இப்போது அவர் நடு டிரம்முக்கு வந்திருந்தார். மடித்துக் கட்டிய லுங்கி. சட்டை இல்லை. மார்பு வரைக்கும் நனைந்திருந்தது. நனைந்த இடமெல்லாம், குரோமியத் தண்ணீரில் ஊறிய தோலுக்கு வரும் அந்த வெளிறிய நீலம். ஒரு கையால் மூக்கையும் வாயையும் பொத்தியிருந்தார்.

அசையவே இல்லை. பார்த்துக்கொண்டு மட்டும் நின்றார். மோகனாவை அல்ல. ஜாஸ்மினின் பிடரியை.

மோகனா கேமராவுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். வெயில் கம்புகள். டிரம்கள். யாரும் இல்லை.

திரும்பக் கண்ணை வைத்தாள்.

இருந்தார்.

"இன்னாடி, பேய் அறஞ்ச மாதிரி பாக்கற?" ஜாஸ்மின் சிரிக்கப் போய் இருமினாள். "சீக்கிரம் எடு. இங்க மூச்சே வர மாட்டேங்குது."

 மோகனா வியூஃபைண்டரிலிருந்து கண்ணை எடுத்து, பின்பக்கத் திரையில் நேரடியாகப் பார்க்கும் பொத்தானை அழுத்தினாள். திரையில் ஜாஸ்மின், டிரம்கள், வெறும் தரை. திரை சுத்தமாக இருந்தது. பொத்தானை மறுபடி அழுத்தி, கண்ணாடி இறங்கும் சத்தம் கேட்டதும் கண்ணை வைத்தாள்.

அதே இடத்தில் நின்றிருந்தார். லுங்கி நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

திரையில் இல்லாதது கண்ணாடியில் இருந்தது. நேராக வருகிற வெளிச்சம் பொய் சொல்லாது.

"ஜாஸ்மின்," அவள் குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. "மெதுவா என்கிட்ட வா."

"இன்னா?"

"வா. திரும்பாத. ஓடி வா."

ஜாஸ்மின் திரும்பித்தான் பார்த்தாள். அந்தத் திருப்பத்தில் அவளுடைய செருப்பு வழுக்கியது. மோகனா பயத்தில் விரலை இறுக்கினாள். கேமராவின் டயல் தொடர்ந்து எடுக்கும் இடத்தில் இருந்திருக்கிறது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

ட்டக் ட்டக் ட்டக் ட்டக்.

கறுப்பு. ஒரு டிரம் தள்ளி.

கறுப்பு. வெயிலுக்குள்.

கறுப்பு. ஜாஸ்மினுக்குப் பின்னால்.

விரலை எடுக்க வேண்டும் என்று மூளைக்குத் தெரிந்தது. விரலுக்குத் தெரியவில்லை.

கறுப்பு.

அவர் தன் வாயைப் பொத்தியிருந்த கையை எடுத்து, ஜாஸ்மினின் வாயைப் பொத்தினார்.

ஜாஸ்மின் முழங்காலில் விழுந்தாள்.

மோகனா கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டபடி ஓடிப்போய் அவளைத் தூக்கினாள். கண்ணுக்கு யாரும் இல்லை. ஆனால் ஜாஸ்மின் கரையில் போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். தொண்டையில் விசில் மாதிரி ஒரு சத்தம். தன் முகத்துக்கு முன்னால் எதையோ பிடித்து இழுத்துத் தள்ளப் பார்த்தாள். அவள் கன்னத்தைத் தொட்டபோது அது ஈரமாக இருந்தது.

அவளைத் தாங்கிக்கொண்டு மோகனா நெடுஞ்சாலைக்கு வந்ததைப் பார்த்ததுமே ஆட்டோக்காரர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தார். "இன்னாம்மா ஆச்சு? ஆஸ்த்மாவா?"

"பெரியாஸ்பத்திரிக்குப் போங்கண்ணா. சீக்கிரம்ணா."

நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே ஆட்டோ பறந்தது. ஜாஸ்மினின் தலை மோகனாவின் மடியில். உதடுகள் நீலம் பாரிக்கத் தொடங்கியிருந்தன. மோகனா விசிட்டிங் கார்டைத் தேடி எடுத்து சுஹேல் அகமதுக்குப் போன் செய்தாள். அவள் பாதி சொல்லும்போதே அவர் குறுக்கிட்டார்.

"கண்ணாடி வழியா பாத்தியா?"

"ஆமா பாய்."

"எவ்ளோ கிட்ட வந்தாரு?"

"வாயப் பொத்திட்டாரு."

 மறுமுனையில் அவர் அல்லாவைக் கூப்பிட்டது கேட்டது.

"யாரு பாய் அவரு?"

"கன்னியப்பன்னு ஒருத்தரு. ஒரு ஷாப்புல கழிவுத் தொட்டிய க்ளீன் பண்ண எறக்குனாங்க. எறங்கறதுக்கு முன்னாடி மாஸ்க், கயிறெல்லாம் மாட்டி பிரேம்நாத்த வெச்சு இந்தக் கேமராவுல போட்டோ எடுத்தாங்க. ஃபாரின்லேர்ந்து செக்கிங் வருவாங்க இல்ல, அவங்களுக்குக் காட்ட. போட்டோ எடுத்து முடிச்சதும் மாஸ்க்கக் கழட்டி வாங்கிட்டாங்க. அப்புறந்தான் அவரு உள்ள எறங்குனாரு. உயிரோட மேல வரல."

மோகனா ஜாஸ்மினின் தலையை நிமிர்த்திப் பிடித்தாள்.

"அதுக்கப்புறம் பிரேம்நாத் யார எடுத்தாலும் அவரு வந்து நின்னாரு. கடசியா அவன் எடுத்தது அவன் தம்பிய. காஞ்ச ரூம்ல, ஃபேன் அடியில உக்காந்தபடியே மூச்சுத் தெணறிச் செத்தான் அந்தப் பையன்."

"நிறுத்தறதுக்கு வழி இல்லையா பாய்? இவ செத்துடுவா பாய்!"

"கடசியா யார எடுத்தியோ அவங்ககிட்டதான் அவரு நிப்பாரு. உடனே வேற யாரையாவது எடுத்திருந்தா தம்பி பொழச்சிருப்பான்னு பிரேம்நாத் சொல்லிச் சொல்லி அழுவான்." அவர் குரல் தாழ்ந்தது. "நான் சொல்றது புரியுதாம்மா?"

புரிந்தது.

மோகனா போனை மடியில் போட்டாள். கேமராவைத் தூக்கினாள். முன்னால் ஆட்டோக்காரரின் பக்கவாட்டு முகம் இருந்தது. காதுக்குப் பின்னால் வியர்வை வழிந்தது. ஹாரனிலிருந்து கையை எடுக்காமல், "இதோ வந்துட்டோம்மா, இதோ வந்துட்டோம்" என்று யாரோ ஒருத்தியின் உயிருக்காகக் கத்திக்கொண்டே ஓட்டினார். வியூஃபைண்டரில் அவர் முகம் கச்சிதமாக விழுந்தது. ஒரு அழுத்து போதும். அவருக்குத் தெரியக்கூடத் தெரியாது.

அவள் விரல் அந்தக் குழியில் உட்கார்ந்திருந்தது.

ஜாஸ்மினின் விசில் சத்தம் நின்றுபோனது.

மோகனா கேமராவைச் சற்று மேலே உயர்த்தினாள். ஓட்டுநருக்கு மேல் மாட்டியிருந்த சின்னக் கண்ணாடியில் அவள் தெரிந்தாள். பாதி முகத்தை மறைத்த கேமராவும், கலைந்த தலைமுடியும், அழுகிற ஒரு கண்ணும்.

அழுத்தினாள்.

ட்டக்.

மடியில் ஜாஸ்மின் பெரிய சத்தத்தோடு மூச்சை இழுத்தாள். தண்ணீருக்கு அடியிலிருந்து மேலே வந்தவள்போல் இழுத்தாள், இருமினாள், மறுபடி இழுத்தாள். உதட்டில் நிறம் திரும்பியது.

மோகனா கண்ணை எடுக்கவில்லை. வியூஃபைண்டருக்குள், அந்தச் சின்னக் கண்ணாடிக்குள், ஆட்டோவின் பின்பக்கத் திறப்பு வழியாக நெடுஞ்சாலை ஓடிக்கொண்டிருந்தது. லாரிகள் பின்தங்கின. புளியமரங்கள் பின்தங்கின.

சாலை நடுவே, வாயைப் பொத்திக்கொண்டு நின்ற ஆள் மட்டும் பின்தங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஜாஸ்மினுக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். அன்று இரவே வீட்டுக்கு அனுப்பினார்கள். பாழடைந்த இடத்தில் ஏதோ வாயு தேங்கியிருக்கும் என்றார் டாக்டர். ஜாஸ்மினும் அதையே நம்பினாள். மோகனா அவளிடம் எதையும் சொல்லவில்லை.

மறுநாள் தனியாக ஆம்பூர் வந்து கேமராவை சுஹேல் அகமதின் மேசைமேல் வைத்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கக் கூசினார்.

"நான் நம்பலம்மா. சத்தியமா நம்பல."

"நம்பாமத்தான் மேசைக்குக் கீழ குனிஞ்சீங்களா?"

 அவர் கேமராவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "இத பத்திரமா வெக்கிறேன். எவனாவது ஒரு பொறுக்கி, நாசமாப் போறவன் மாட்டாமலா போவான்? அவன ஒரு போட்டோ எடுத்துடு. உன்ன விட்டுடுவாரு."

"யாரு பொறுக்கின்னு நான் எப்டி பாய் முடிவு பண்றது? ஒடச்சிடறேன்."

"ஒடச்சிட்டா கடசியா எடுத்த ஆளு நீதான், அப்புறம் மாத்த முடியாது. அத நெனச்சுப் பாரு."

இரவு முழுக்க அதைத்தான் அவள் நினைத்துப் பார்த்திருந்தாள். கடையின் ஷட்டரை இழுக்கிற இரும்புக் கம்பி மூலையில் சாத்தியிருந்தது. அதை எடுத்து, கேமராவைத் தரையில் வைத்து, கண்ணாடி தூளாகும் வரை அடித்தாள். லென்ஸ் உடைந்தபோது உள்ளேயிருந்து ஒரு கரண்டி அளவு நீலத் தண்ணீர் வெளியே வந்து சிமெண்டில் ஊறியது. இருவரும் அதைப் பார்த்தார்கள். 

அம்மாவின் போனஸுக்கு அந்தச் சின்ன பிளாஸ்டிக் கேமராவை வாங்கிக்கொண்டாள். கடையிலேயே வியூஃபைண்டரில் கண்ணை வைத்து நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தாள். சுஹேல் அகமது, சுவர், ஜன்னல், பஜார் தெரு. வேறு யாரும் இல்லை. அதற்குப் பிறகும் அதில் யாரும் வரவில்லை. அந்தக் கேமராவில் அவள் எடுத்த படங்களுக்கு வகுப்பில் நல்ல பெயர் கிடைத்தது. தறிக்கூடங்கள், சந்தை, ஷிப்ட் முடிந்து வேனில் ஏறுகிற பெண்கள்.

தன்னை மட்டும் யாரும் எடுக்க விடவில்லை. ஒவ்வொரு ட்டக்குக்கும் அவர் எவ்வளவு கிட்ட வந்தார் என்று அவள் பார்த்திருந்தாள். வகுப்புக் குரூப் போட்டோ என்றால் கேமராவை வாங்கிக்கொண்டு எடுப்பவளாக அவளே எதிரே போய் நின்றுகொள்வாள். ஜாஸ்மின் செல்ஃபிக்குப் போனைத் தூக்கினால் நகர்ந்துவிடுவாள். "ரொம்பத்தான் பிகு பண்ற" என்று ஜாஸ்மின் கோபித்துக்கொள்வாள். மோகனா சிரித்து மழுப்புவாள். ஜாஸ்மின் கோபித்துக்கொள்ள உயிரோடு இருப்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

பங்குனி வெயில் ஆரம்பித்தபோது ஸ்காலர்ஷிப்புக்காக ஆதாரில் போட்டோ மாற்றச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் எடுத்த பழைய முகம், செல்லாது. மோகனா பல நாள் தள்ளிப்போட்டாள். கடைசியில் அம்மாவே லீவு போட்டுக் கூட்டிப்போனாள். குடியாத்தம் சேவை மையத்தில் பட்டப்பகலில் கூட்டம் நெரிந்தது. குழந்தைகள் அழுதன. மின்விசிறி கடகடத்தது. மேசைமேல் கம்பியில் மாட்டிய ஒரு சின்ன வெப்கேம். அதற்குள் கண்ணாடி கிடையாது என்று மோகனா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அம்மா கதவோரமாக, கூட்டத்தோடு நின்றாள். மோகனா சுவரை ஒட்டிப் போட்டிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். முதுகுக்குப் பின்னால் வெள்ளைத்துணி, நாலு மூலையிலும் ஆணி அடித்திருந்தது. துணிக்கும் அவளுக்கும் நடுவே ஒரு ஆள் நிற்க இடமில்லை.

"நேரா பாரு. சிரிக்காத" என்றாள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த அக்கா. மவுஸைப் பிடித்தவள், திரையை நோக்கிக் குனிந்தாள். புருவம் சுருங்கியது.

"ஏம்மா, பின்னாடி நிக்கிறது யாரு, உங்க அப்பாவா? தள்ளி நிக்கச் சொல்லு. உன் தோள் மேலயே சாயறாரு பாரு."

மோகனா திரும்பவில்லை. பிடரியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்து முதுகுக்குள் இறங்கியது.

எடுக்காதீங்கக்கா என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

மூச்சு வரவில்லை.